ரீயா சிற்றூரின் தேவாலயம்

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், ஸ்காத்லாந்தின் எல்லைக்கு அணித்தாக, கார்லைல் என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 5 மைல் தொலைவில், பெட்டரில் என்ற சிற்றாற்றின் அருகே ரீயா என்றோர் ஊர் இருக்கின்றது. அவ்வூரின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படுவது ஒரு விதம். ஒலிக்கப்படுவது வேறு விதம். அயலூரார் எழுத்தைப் பார்த்துப் படித்தால் உள்ளூரார் நகைப்பார்கள். ஊர் மிகச் சிறியது. நடுவே புல்வெளி ஒன்று, அதனைச் சுற்றிச் சில வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சத்திரம். பன்னிருவர் அவை என்று ஓர் ஊர்ச் சபையும் நெடுங்காலமாக அங்கே உண்டு. இவற்றையெல்லாம் காண்பதற்காக எவரும் அவ்வூருக்குப் போவதில்லை. அங்குள்ள தேவாலயத்தைக் காணவே போகின்றார்கள். தூய மரியாளின் பெயர் தாங்கிய அத்தேவாலயத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

விக்டோரியா மகாராணியார் ஆட்சி செய்த காலம் 1837 முதல் 1901 வரையில். அக்காலத்தில் இங்கிலாந்தில் எழுந்த தேவாலயங்களும், இடித்துப் புதுக்கப்பெற்ற தேவாலயங்களும் ஆயிரக் கணக்கின. அவ்வாட்சி தொடங்குவதற்கு முன்னரே, 1818-ஆம் ஆண்டில், புதிய ஆலயங்கள் கட்டுவதற்கெனப் பாராளுமன்றம் 10 லட்சம் பவுன் ஒதுக்கியிருந்தது. ஆலைகள் பெருகி நகரங்கள் வீங்கின. புதிதாகக் குடியேறிய மக்களுக்குத் தொழ இடமில்லை. நகரங்களில் அரசும் சங்கங்களும் பொருள் கொடுத்தன. சிற்றூர்களிலோ நிலக்கிழார் ஒருவரும் குருவானவர் ஒருவரும் கூடிப் பேசினால் வேலை தொடங்கிவிடும். பழைய ஆலயத்தின் கூரை ஒழுகுகின்றது என்பார் குருவானவர்; நான் பணம் தருகின்றேன் என்பார் நிலக்கிழார்; நகரத்திலிருந்து கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்தோடு வந்து சேருவார்.

அவ்வாறு வந்த வரைபடம் பெரும்பாலும் எப்படியிருக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் ரீயாவின் புதுமை புலப்படும். கூர்முனை வளைவுகளும், வானை நோக்கி உயர்ந்த கோபுரமும், கொடிபோல் பின்னிய கல் சன்னல்களும் உடைய கோதிக் முறையே கிறிஸ்தவ சமயத்துக்கு உரிய முறை என்ற கொள்கை அந்நாளில் ஓங்கி நின்றது. பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் 1836-இல் நூலொன்று வெளியிட்டு இக்கொள்கையை ஆவேசத்தோடு எடுத்துரைத்தார். 1839-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து இளைஞர்கள் சிலர் காம்டன் சங்கம் என ஒன்று நிறுவினர். 1841 முதல் அச்சங்கம் ஓர் இதழையும் நடத்தியது. அவ்விதழில் புதிய தேவாலயங்கள் ஒவ்வொன்றாக விசாரணைக்கு உள்ளாயின. பலிபீடம் இருக்கும் பகுதி இத்துணை நீளம் இருந்ததா, மண்டபத்தினின்றும் அது தெளிவாகப் பிரிக்கப்பட்டதா, வளைவு பதினான்காம் நூற்றாண்டுக்கு உரியதா என்றெல்லாம் வினவி, மதிப்பெண் இடும் ஆசிரியரைப் போல அவர்கள் தீர்ப்பு வழங்கினார்கள். அத்தீர்ப்புக்கு அஞ்சாத கட்டடக் கலைஞர் சிலரே. அச்சத்தால் நல்ல கட்டடங்களும் பிறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களும் ஊர்தோறும் மலிந்தன.

இந்த வேளையில், 1840-ஆம் ஆண்டில், ரீயாவின் பழைய ஆலயம் சிதைந்து கிடந்தது. அவ்வூரில் பெரிய நிலம் உடையவர் ஒரு பெண்மணி. அவர் ஊராரிடமும் திருச்சபையாரிடமும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். புதிய ஆலயத்துக்கு வேண்டும் இடத்தைத் தாமே தருவதாகவும், கட்டும் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: எம்முறையில் கட்டுவது என்பதில் எவரும் தமக்குத் தடை செய்தல் கூடாது. நிபந்தனை ஏற்கப்பட்டது. கொடையாளி கேட்கும் சிறிய சலுகை என்று எண்ணி ஏற்றார்கள் போலும். அந்நிபந்தனை இல்லையேல் இன்று நாம் ரீயாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அப்பெண்மணியின் பெயர் சாரா லாஷ். 1786-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளன்று ரீயாவை அடுத்த உட்சைடு என்ற இல்லத்தில் பிறந்தவர். தந்தை ஜான் லாஷ் நிலக்கிழார். அதனோடு தொழில் முயற்சியும் உடையவர். டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்ற இடத்தில் லாஷ் குடும்பத்தார் சோடா உப்பு செய்யும் தொழிற்சாலை நிறுவினர். சோப்பும் கண்ணாடியும் செய்வதற்கு அந்தச் சோடா உப்பு இன்றியமையாதது. ஆகையால் செல்வம் குவிந்தது. சாராவின் சிற்றப்பா வில்லியம் லாஷ், நீராவி வண்டியால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனோடு சேர்ந்து 1816-இல் இருப்புப்பாதைக்கு உரிய வார்ப்பிரும்புத் தண்டவாளங்களுக்குக் காப்புரிமை பெற்றவர். மற்றொரு சிற்றப்பா ஜேம்ஸ் லாஷ் வழக்கறிஞர். வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் ஆகிய கவிஞர்களின் நண்பர். அடிமை வாணிகத்தை எதிர்த்துப் பேசியவர். இரும்பும் கவிதையும் சீர்திருத்தமும் ஒரே கூடத்தில் உரையாடிய குடும்பம் அது.

சாரா லத்தீனும் கிரேக்கமும் கற்றார், பிரெஞ்சும் இத்தாலியமும் பேசினார், கணிதத்தில் தேர்ந்தார். ஆனால், பல்கலைக் கழகத்தின் கதவு அந்நாளில் பெண்களுக்குத் திறக்கவில்லை. 1834-இல் கட்டடக் கலைஞர்களுக்கென இங்கிலாந்தில் ஒரு கழகம் தோன்றிற்று. அதில் முதன்முதலாகப் பெண்ணொருவர் உறுப்பினராக ஏற்கப்பட்டது 1898-இல். எத்தல் சார்லஸ் என்பவர் அவர். சாரா ஆலயம் கட்டி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தது அது.

சாராவுக்குக் காதரின் என்ற தங்கை ஒருத்தி இருந்தாள். தாய் 1799-இல் இறந்தார். தந்தை 1814-இல் மறைந்தார். அதன்பின் சகோதரியர் இருவரும் நிலத்தையும் வீட்டையும் இணைந்து பேணினர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. 1817-இல் சிற்றப்பா வில்லியத்தோடு பிரான்சு, இத்தாலி நாடுகளுக்குப் பயணம் சென்று, ரோமாபுரியின் பழைய ஆலயங்களையும், எரிமலைச் சாம்பலினின்றும் தோண்டி எடுக்கப்பெற்ற பொம்பேயி நகரத்தையும் கண்டனர். ஊர் திரும்பியபின் 1830-இல் ரீயாவின் சிறுவர்க்காகப் பள்ளிக்கூடம் ஒன்று கட்டிக் கொடுத்தனர். பள்ளி ஆசிரியர் குடியிருக்க எழுந்த சிறு வீடு, பொம்பேயியில் கண்ட வீடொன்றின் மாதிரியில் அமைந்தது. கம்பர்லாந்தின் மழையில் ரோமானிய வீடு! இவ்வளவு துணிவு அச்சகோதரியர்க்கு அப்போதே இருந்தது.

1835-இல் காதரின் இறந்தாள். அத்துயரம் சாராவின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. தேவாலயத்தின் ஒவ்வொரு கல்லிலும் அத்துயரத்தைத் தேடுவோர் உண்டு. அது மிகையென்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆனால், சாவு என்றால் என்ன, அதன் பின் எது மிஞ்சுகின்றது என்ற வினா அக்கட்டடத்தின் அடித்தளத்தில் கிடக்கின்றது என்பதில் ஐயமில்லை.

இனி ஆலயத்தின் வாயிலுக்குச் செல்வோம்.

வெளியிலிருந்து பார்த்தால் முதலில் தென்படுவது அதன் எளிமை. வானளாவிய கோபுரம் இல்லை. கூர்முனை வளைவு ஒன்றுகூட இல்லை. நீண்ட சதுரமான ஒரு மண்டபம். அதன் கீழ்க் கோடியில் அரைவட்டமாக வளைந்த ஒரு பகுதி. நம் சிற்ப நூலார் தூங்கானை மாடம் என்பார்களே, அவ்வடிவை மனத்தில் கொண்டால் அமைப்பு உடனே விளங்கிவிடும். மேலை நாட்டில் இவ்வடிவம் ரோமானியரின் பொதுமன்றங்களிலிருந்து முதற்காலக் கிறிஸ்தவர்களுக்கு வந்தது. வளைவுகளெல்லாம் ரோமானிய முறையில் அரைவட்டமானவை. இம்முறையைப் பழைய சாக்சானிய முறை என்றோ, சற்றே மாற்றிய லம்பார்டிய முறை என்றோ கொள்ளலாம் எனச் சாராவே குறித்தார். அணி மிகுந்த பிற முறைகளைக் காட்டிலும் எளிமைக்கு இடந்தருவது என்பதால் இதனைத் தேர்ந்ததாகவும் கூறினார். கோதிக் கொடி எங்கும் பறந்த 1841, 1842-ஆம் ஆண்டுகளில் இது நடந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அருகே சென்றதும் எளிமை மறைந்து வேறோர் உலகம் விரிகின்றது. வாயிலையும் சன்னல்களையும் சுற்றியுள்ள கற்களில் சிற்பங்கள் நெருங்கியிருக்கின்றன. திருத்தூதர்கள் எங்கே, புனிதர்கள் எங்கே என்று தேடுபவர் ஏமாறுவார். இருப்பவை கோதுமைக் கதிர், கசகசாப் பூ, பைன் மரத்தின் கூம்புக்காய், வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவைகள், சங்கு, பவளம், சுருண்ட ஓட்டினையுடைய அம்மோனைட்டு. மழைநீர்த் தூம்புகளின் முனையில் ஆமையும் பாம்பும் முதலையும் தலை நீட்டுகின்றன.

அம்மோனைட்டு என்பது கடலில் வாழ்ந்து, கோடிக் கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போன ஓர் உயிர். அதன் ஓடு கல்லாகிப் பாறையில் பதிந்து கிடைக்கின்றது. கண்டகி ஆற்றில் எடுத்து நம் நாட்டில் பூசையில் வைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டின் கல்லுருவே. சாரா அதனை ஏன் ஒரு தேவாலயச் சன்னலில் வைத்தார்? அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1830 முதல் 1833 வரையில், லயல் என்பார் நிலவியல் நூலை மூன்று பகுதிகளாக வெளியிட்டிருந்தார். உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்ற எண்ணம் கற்றோரிடையே ஆட்டம் கண்டிருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரத்தில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கல்லான இலைகளும் ஓடுகளும் புதியவை அல்ல. மதகுருமார் பலர் இக்கற்களைக் கண்டு கலங்கிய காலத்தில், சாரா அவற்றை ஆலயத்தின் சுவரிலேயே பதித்தார். மறைந்துபோன உயிரும் படைப்பின் ஒரு பகுதியே என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

இச்சிற்பங்களைச் செதுக்கிய கல்தச்சர் வில்லியம் ஹிண்ட்சன், உள்ளூர்க்காரர். இலண்டனிலிருந்து புகழ் பெற்ற சிற்பியர் எவரையும் சாரா அழைக்கவில்லை. தாம் விரும்பியதை மாதிரி செய்து காட்டினார், தச்சர் செதுக்கினார். சில சிற்பங்களில் கோடு சற்றுக் கரடாக இருக்கலாம். ஆனால் வயலில் கண்ட கதிரைக் கண்டவாறே செதுக்கிய கையின் உயிர்ப்பு அவற்றில் இருக்கின்றது. எந்திரத்தால் அறுத்த அணிகலன்களை அட்டவணை பார்த்து வாங்கி ஒட்டிய பிற்காலத்து ஆலயங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு தெரியும்.

உள்ளே நுழைந்தால் முதலில் சற்று இருளாக இருக்கும். கண் பழகுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். சன்னல்களில் பெரிய ஓவியக் கண்ணாடிகள் இல்லை. பிரான்சு நாட்டிலிருந்து கிடைத்த பழங் கண்ணாடித் துண்டுகளை மொசைக்குப் போலச் சேர்த்துச் சில சன்னல்கள் அமைந்தன. உயரத்தில் உள்ள சிறிய திறப்புகளில்தான் சாராவின் கற்பனை உச்சிக்குச் செல்கின்றது. அலபாஸ்டர் என்ற பால்நிறக் கல்லை மெல்லிய தகடாக அறுத்து, அதில் கல்லாகிப்போன பெரணி முதலிய பழஞ்செடிகளின் இலை வடிவங்களை வெட்டி அமைத்திருக்கின்றார்கள். நிலக்கரியில் உறைந்த காட்டின் இலைகள் வழியே பகலொளி கசிந்து உள்ளே இறங்குகின்றது.

அரைவட்டப் பகுதியில் பதினான்கு தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடையே பதின்மூன்று இருக்கைகள். ஏசுபிரானுக்கும் பன்னிரு சீடர்களுக்கும் உரியவை என்று பொருள் கொள்வர். திருமேசை இத்தாலிய நாட்டுப் பச்சைச் சலவைக்கல். அதனைப் பித்தளைக் கழுகுகள் தாங்குகின்றன. மெழுகுவர்த்தித் தாங்கிகள் தாமரை வடிவில் அலபாஸ்டரில் செதுக்கப்பட்டவை. எகிப்திலும் இந்தியாவிலும் தாமரை பிறப்பின் அடையாளமாகப் போற்றப்படுவதைச் சாரா நூல்களால் அறிந்திருந்தார். பிரசங்க பீடம் சதுப்பு நிலத்தில் புதைந்து கருத்துப்போன ஓக் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. குருவானவர் பிரசங்கம் செய்யும்போது ஒரு பழைய மரத்தின் வயிற்றுக்குள் நின்று பேசுகின்றார்.

இவையனைத்திலும் என் மனத்தை மிகவும் கவர்வது ஞானஸ்நானத் தொட்டி. அதனைச் செதுக்கியதில் சாராவின் சொந்தக் கையும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் வில்லியத்தின் கையும் உண்டு. அலபாஸ்டர் தொட்டியைச் சுற்றிலும் கொடி, கதிர், பூச்சி, தாமரை. அதன் மூடியில் கண்ணாடி பதித்து, அதன்மேல் மிதப்பன போல அல்லி மலர்களை வைத்திருக்கின்றார்கள். தொட்டி மூடியிருக்கும்போதும் நீர் நிறைந்த குளம் ஒன்று அங்கே இருப்பதாகத் தோன்றும். சீமாட்டி ஒருத்தி உளியை எடுத்துக் கல்லைச் செதுக்குவது அந்நாளைய இங்கிலாந்தில் சாதாரணமான செய்தி அன்று.

இத்தகைய ஆலயத்தைப் பார்த்து, இது கிறிஸ்தவ ஆலயமா அல்லது புறச்சமயத்தார் கோயிலா எனக் கேட்டோர் இருந்தார்கள், இன்றும் இருக்கின்றார்கள். கிறிஸ்தவச் சின்னங்கள் என்று நாம் வழக்கமாகக் கருதுபவை இங்கே மிகக் குறைவு என்பது உண்மையே. எகிப்தின் தாமரை, ரோமானியரின் கூம்புக்காய், கிழக்கு நாடுகளின் கழுகு இவையெல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆனால், கூம்புக்காய் மூடிக் கிடக்கின்றது, வெம்மை பட்டால் திறக்கின்றது, விதை உதிர்கின்றது. புழு கூட்டுக்குள் அடங்கி வண்ணத்துப்பூச்சியாய் வெளிவருகின்றது. கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிந்தாலன்றிக் கதிர் இல்லை என்ற கருத்து திருமறைக்கு அயலானதா? உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையைக் குருமார் சொல்லும் சொற்களால் சொல்லாமல் வயலும் காடும் சொல்லும் சொற்களால் சாரா சொன்னார் என்பதே என் கருத்து. இதனை ஏற்காத அறிஞர் உண்டு. அவர்கள் சாராவைச் சமய ஐயம் கொண்டவராகக் காண்கின்றனர். அவ்வாறாயின் தம் செலவில் ஊருக்கு ஓர் ஆலயம் எழுப்பி, அதனைப் பேராயரின் ஆட்சிக்கு ஒப்படைக்க அவருக்கு என்ன தேவை?

ஆலயத்தின் கதவிலும் சுவரிலும் அம்பின் வடிவம் காணப்படுகின்றது. இதற்கு இரு விளக்கம் சொல்லப்படும். திடுமென வரும் சாவுக்கு அம்பு அடையாளம் என்பது ஒன்று. லாஷ் குடும்பத்தின் நண்பர் மேஜர் வில்லியம் தெயின் நினைவாக வந்தது என்பது மற்றொன்று. இந்த நண்பரின் முடிவு நம் நாட்டோடும் தொடர்புடையது. ஆப்கானிஸ்தானத்தில் ஆங்கிலக் கம்பெனியின் படை 1842-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் காபூலை விட்டுப் பின்வாங்கியது. வீரர் ஏறத்தாழ 4,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பாரம் சுமப்போர், சமைப்போர், பெண்டிர், பிள்ளைகள் எனப் பின்சென்றோர் 12,000 பேர். பனியிலும் கணவாய்களில் நடந்த தாக்குதலிலும் ஒரு வாரத்துக்குள் அக்கூட்டம் அழிந்தது. தெயின் அவ்வழியில் மாண்டவர்களுள் ஒருவர். அவர் கைபர் கணவாயிலிருந்து அனுப்பிய கூம்புக்காயின் விதையில் முளைத்தது என்று சொல்லப்படும் பைன் மரம் ரீயாவின் ஆலய முற்றத்தில் நடப்பட்டது. அவர்தம் பெயர் தாங்க அங்கே ஒரு மரமாவது உண்டு. அவரோடு பனியில் வீழ்ந்த சிப்பாய்களின் பெயர்களைத் தாங்க எந்த ஊரில் எந்த மரம் நிற்கின்றது என்று கேட்கத் தோன்றுகின்றது.

ஆலயம் 1842-ஆம் ஆண்டு டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1,200 பவுன். அளவிலும் செலவிலும் பெருமை பாராட்டத் தக்கதன்று.

சாரா அத்தோடு ஓய்ந்தாரில்லை. பெற்றோரின் நினைவாகப் பியூகாசில் என்ற ஊரிலுள்ள பழஞ்சிலுவைத் தூணின் மாதிரியை ஆலய முற்றத்தில் முன்னரே நிறுத்தியிருந்தார். அம்மூலத் தூண் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது; பழைய ரூன் எழுத்துகள் பொறித்தது. கார்ன்வால் நாட்டில் மணல் மேட்டுக்குள் புதைந்து 1835-இல் வெளிப்பட்ட தூய பிரானின் பழஞ் சிற்றாலயத்தைப் பின்பற்றி, இடுகாட்டுக்கென ஒரு சிற்றாலயமும் எழுப்பினார். 1850-இல் தங்கையின் நினைவு மாடத்தைக் கட்டினார். அது ஆலயத்தைப் போன்று மென்மையானது அன்று. செதுக்காத பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கற்காலத்து மாந்தர் கட்டியது போல அமைத்தார். அக்கரடான கற்களின் உள்ளே வெண்சலவைக் கல்லில் காதரினின் உருவம் அமர்ந்திருக்கின்றது. டேவிட் டன்பார் என்ற சிற்பி செய்தது அது. 1817-இல் நேப்பில்ஸ் நகரில் சாரா தம் கையால் வரைந்த படமே அதற்கு மூலம். இளம்பெண்ணாகிய காதரின் கையிலுள்ள ஒரு கூம்புக்காயைக் குனிந்து நோக்குகின்றாள். முப்பத்துமூன்று ஆண்டுகள் அந்தப் படம் சாராவோடு இருந்திருக்கின்றது.

சாரா 1853-ஆம் ஆண்டு மார்ச்சில் காலமானார். தங்கையின் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் செய்தித்தாள்கள் இதனைப் பெரிதாகக் கருதவில்லை. 1869-இல் ஓவியரும் கவிஞருமான டாண்டே கேப்ரியல் ராசெட்டி ரீயாவுக்கு வந்தார். கண்டு வியந்து, கற்பனை நிறைந்த நுணுக்கங்களும் கடுமையான எளிமையும் கலந்த இவ்வாலயத்தை எழுப்பியவர் ஒரு பெண்மணி என்று கடிதத்தில் எழுதினார். 1873-இல் ஹென்றி லான்ஸ்டேல் என்ற மருத்துவர் கம்பர்லாந்தின் சான்றோர் வரலாற்றில் லாஷ் குடும்பத்தைப் பற்றி எழுதினார். சாராவின் நாட்குறிப்புகளைப் பார்த்து அவர் எடுத்தெழுதிய பகுதிகள் மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளன. 1967-இல் கம்பர்லாந்தின் கட்டடங்களைத் தொகுத்த நிக்கோலாஸ் பெவ்ஸ்னர் ரீயா ஆலயத்தை மிக உயர்வாக மதித்தார். 2012-இல் ஜென்னி அக்லோ எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபின்தான் சாராவின் பெயர் பலரிடம் பரவியது. அந்நூலின் பெயரும் கூம்புக்காயைக் குறிப்பதே.

கைத்தொழிலையும் இயற்கை வடிவங்களையும் போற்றிய வில்லியம் மாரிசு இயக்கம் 1860-களுக்குப் பின்னரே வலுப்பெற்றது. கட்டடக் கலையில் அடையாளங்களின் பொருளைப் பற்றி லெத்தபி என்ற கலைஞர் நூல் எழுதியது 1891-இல். அவர்கள் சொன்னவற்றைச் சாரா முன்கூட்டியே செய்துவிட்டார் என்று எழுதுவோர் உண்டு. இது ஓரளவே பொருந்தும். அவர்கள் சாராவிடமிருந்து கற்றதாகச் சான்றில்லை. சாராவும் பின்வருவோருக்கு வழிகாட்ட எண்ணி உளி எடுத்தவர் அல்லர். அவருக்குப் பின்னோர் எவரும் ரீயாவைப் போன்ற மற்றோர் ஆலயத்தைக் கட்டவுமில்லை.

கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் இங்கிலாந்து செல்ல நேர்ந்தால் கார்லைலில் இறங்கி ரீயாவுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு சன்னலின் ஓரத்தையும் நின்று பார்க்க வேண்டும். பின்னர் தங்கையின் நினைவு மாடத்தின் கதவருகே குனிந்து உள்ளே நோக்கலாம். கண் இருளுக்குப் பழகியதும் வெண்கல்லாலான அம்முகமும், கையிலுள்ள கூம்புக்காயும் தெரியும். சாராவுக்கென அங்கே தனியாகச் சிலை இல்லை.